குரல் தாழ்த்தாத கடைக்காரர்
அமெரிக்காவில் துப்பாக்கிக்குச் சைலன்சர் வாங்குவது நிச்சயதார்த்தம் மாதிரி. பணம் கட்டியாயிற்று, ஆனால் கைரேகை, போட்டோ, படிவமெல்லாம் மத்திய அரசுக்குப் போய் அனுமதி வரும்வரை பொருள் கடைக்காரரின் பெட்டகத்தில்தான். 1934-இல் போட்ட 200 டாலர் வரி விலைவாசியின் கண்ணில் படாமலே 90 ஆண்டுக்கு மேல் அப்படியே நின்றது. 2026 பிறந்ததும் பூஜ்யமாகிவிட்டது.

பெரிய இணையக் கடைகள் தள்ளுபடி தரும். ஆனால் வெளிமாநிலத்திலிருந்து வரும் பொருளை உங்களிடம் ஒப்படைக்க உங்கள் மாநிலத்தில் உரிமம் பெற்ற வியாபாரி வேண்டுமே? ஆகவே அது வந்து சேருமிடம் பெரும்பாலும் தெருமுனைச் சின்னக் கடைதான். போன மாதம் விலை கேட்டு, உதட்டைப் பிதுக்கிவிட்டு வந்தீர்களே, அதே கடை. "வாங்க சார்" என்பார். கைமாற்றுக் கட்டணத்தைச் சொல்லும்போது மட்டும் அந்தக் குரலுக்கு எந்தச் சைலன்சரும் கிடையாது.