ஓடாத வண்டியின் தேய்மானம்

பல வருடம் ஷெட்டில் கிடந்த பழைய ஸ்போர்ட்ஸ் காரை விற்க வருகிறவர் ஒரு வாக்கியத்தைத் தவறாமல் சொல்வார்: "வண்டி ஓடவே இல்லை." சொல்லும்போது அவர் குரலில் ஒரு பெருமிதம் இருக்கும், கேட்பவருக்கும் லேசாகப் புல்லரிக்கும். ஓடுவதற்கென்றே செய்யப்பட்ட ஒரு பொருள் கால் நூற்றாண்டாக அதை மட்டும் செய்யவில்லை என்பதை நற்சான்றாக ஏற்றுக்கொள்ளும் சந்தை உலகத்தில் இது ஒன்றாகத்தான் இருக்கும். என் கட்சி இதற்கு நேர் எதிர். கார் ஓடித் தேய்வதைவிட நின்று தேய்வதே அதிகம். ஓடித் தேய்ந்ததைப் பட்டறையில் சரிசெய்யலாம்; நின்று தேய்ந்ததைச் சரிசெய்யப் பட்டறையோடு பரம்பரைச் சொத்தும் வேண்டும். ஆகவே இப்படிப்பட்ட காரை வாங்கப் போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது, விற்பவர் ஆசையோடு திறந்து காட்டும் இன்ஜினை அல்ல. அவர் காட்ட நினைக்கவே நினைக்காத அடிவயிற்றை.

உதாரணத்துக்கு எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் காரை எடுத்துக்கொள்கிறேன். இங்கிலாந்தின் ஆபிங்டன் என்ற ஊரில் 1962 முதல் 1980 வரை செய்தார்கள். திறந்த கூரை, இரண்டு சீட், 1798 சிசி இன்ஜின், அதன் பக்கவாட்டில் இரண்டு எஸ்யு கார்புரேட்டர்கள். கூரை வைத்த ஜிடி வகையையும் சேர்த்தால் ஐந்து லட்சத்துக்கும் மேல் விற்றது. ஆகவே பிரிட்டனில் இன்னும் எத்தனையோ ஷெட்டுகளில், புல்வெட்டும் இயந்திரத்துக்கும் கிழிந்த மெத்தைக்கும் நடுவில், தார்ப்பாய் போர்த்தியபடி ஓர் எம்ஜிபி நிற்கிறது. ஓனர் அதை என்றைக்கோ ஒரு ஞாயிற்றுக்கிழமை சரிசெய்யப் போகிறார். எல்லா எம்ஜிபிக்கும் இந்த ஞாயிற்றுக்கிழமை உண்டு. வருடம்தான் யாருக்கும் தெரியாது.

அந்த ஞாயிறு வருவதற்குள் என்ன நடக்கிறது? தார்ப்பாய் மழையை வெளியே நிறுத்துகிறது. அதே அக்கறையோடு தரையிலிருந்து எழும் ஈரத்தை உள்ளே நிறுத்திவைக்கிறது. பிரேக் ஆயில் என்று நாம் அழைக்கும் திரவத்துக்குக் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுவது பிறவிக்குணம். பத்து வருடம் சும்மா விட்டால் வீல் சிலிண்டருக்குள் துருவை வளர்த்து, பிஸ்டனை அங்கேயே குடியமர்த்திவிடும். டேங்கில் மிச்சமிருந்த பெட்ரோல் கெட்டிப்பட்டு வார்னிஷ் போலாகி கார்புரேட்டரின் நுண்துளைகளை அடைக்கும். கிளட்ச் பிளேட் ஃப்ளைவீலோடு ஒட்டிக்கொள்ளும். பெடலை மிதித்தாலும் இரண்டும் பிரிய மறுக்கும். டயரில் நல்ல பூ இருக்கும், ரப்பர் வெடித்திருக்கும். வெப்பக்காற்றுக்கென்று வைத்த பெட்டிக்குள் எலி குடும்பம் நடத்தி, பிரசவத்துக்குத் தேவையான பஞ்சை சீட்டிலிருந்து எடுத்திருக்கும். இத்தனையும் ஒரு மைல்கூட ஓடாமல் நடந்தவை. மீட்டரில் ஒரு எண்ணும் நகர்ந்திருக்காது. அந்த மீட்டரைத்தான் வாங்க வருகிறவர் குனிந்து குனிந்து பார்க்கிறார்.

ஆனாலும் மேலே சொன்னவை எல்லாம் சில்லறைத் தொல்லைகள். கழற்றலாம், புதிது வாங்கலாம், மாட்டலாம். உண்மையான செலவு தகரத்தில் இருக்கிறது. எம்ஜிபிக்குச் சேஸிஸ் என்ற தனிச் சட்டம் கிடையாது. உடல் கூடே சட்டம். கூரையும் இல்லாததால், முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் பிரியாமல் பிடித்துவைக்கும் வேலையில் பெரும்பங்கு கதவுக்குக் கீழே ஓடும் இரண்டு பெட்டி விளிம்புகளுடையது. சில் என்பார்கள். வெளித்தகரம், நடுத்தகரம், உள்தகரம் என்று அடுக்கடுக்காக வைத்துப் பற்றவைத்த உள்ளீடற்ற பெட்டி அது. குளிர்காலத்தில் சாலையில் தூவும் உப்பும் சேறும் உள்ளே போய், வடிகால் துளைகள் அடைபட்டுவிட்டால், துரு உள்ளிருந்து வெளியே தின்னத் தொடங்கும். வெளியே ஒரு கொப்புளம் தெரிகிறது என்றால் உள்ளே விருந்து முடிந்து கைகழுவிக்கொண்டிருக்கிறார்கள் என்று பொருள். முறையாகச் சரிசெய்ய மட்கார்டுகளின் அடிப்பகுதியையும் திறந்தாக வேண்டும். முறைகேடாகச் சரிசெய்வது சுலபம்: துருப்பிடித்த தகரத்தின் மேலேயே புதுத் தகரத்தைப் பற்றவைத்து பெயின்ட் அடித்துவிடலாம். விற்கும் நாளில் இரண்டும் ஒன்றுபோலவே பளபளக்கும்.

எனவே பரிசோதனைக்கு வேண்டிய கருவிகள் எளியவை: ஒரு டார்ச், ஒரு சின்னக் காந்தம், அழுக்காகத் தயங்காத ஒரு பேன்ட். காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி சில், மட்கார்டின் கீழ்முனை, கதவின் அடி என்று நகர்த்திக்கொண்டே போக வேண்டும். இரும்பு இருக்கும் இடத்தில் பிடிக்கும். பட்டி பூசிய இடத்தில் அக்கறையின்றி வழுக்கும். சீட்டுக்குப் பின்னால் உள்ள மூடியைத் தூக்கிப் பார்க்க வேண்டும். 1974 வரை வந்த எம்ஜிபிகளில் ஆறு வோல்ட் பேட்டரிகள் இரண்டு அங்கேதான் ஒளிந்திருக்கும். அவை அமர்ந்திருக்கும் தொட்டிகள் துருப்பிடித்து, உள்ளிருந்தபடியே சாலையைப் பார்க்கும் வசதி கிடைத்திருக்கலாம். பெட்ரோல் டேங்க் டிக்கியின் அடியில் தொங்குகிறது. மேற்புறத்தில் ஈரமண் தங்கித் துருப்பிடிப்பது அதன் வழக்கம். கீழிருந்து தட்டிப் பார்த்துத் திருப்தியடைகிறவர், டேங்கை முழுதாக நிரப்பும் நாளில்தான் விஷயம் தெரிந்துகொள்வார். கடைசியாக, ஓனரின் அனுமதியோடு ஜாக்கி போட்டு ஒரு பக்கத்தைத் தூக்கி, கதவைத் திறந்து மூட வேண்டும். கதவிடுக்கு சுருங்கினாலோ கதவு இடித்தாலோ கார் நடுவில் வளைகிறது என்று அர்த்தம். அப்போது ஓனர் "எல்லா எம்ஜிபியும் இப்படித்தான்" என்பார். அப்படி இல்லாத எம்ஜிபிகளும் உண்டு. அவற்றின் ஓனர்கள் விற்பதில்லை.

இதற்கு வரும் முதல் ஆட்சேபம்: "தகரத்தை விடுங்கள். இன்ஜின் ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆகிறதே!" வாங்குபவர் மயங்கும் இடம் இதுதான். புகையோடு ஓர் இரைச்சல் கிளம்பியதும் அவர் கை தானாகப் பர்ஸைத் தேடும். ஆனால் அந்த 1798 சிசி இன்ஜின் பிரிட்டனில் குடும்பக் கார்களுக்கும் வேன்களுக்கும் போன எளிய இனத்தைச் சேர்ந்தது. வார்ப்பிரும்பு, பிரித்துக் கோக்கப் பழகிய மெக்கானிக்குகள் ஏராளம். ஓடாவிட்டாலும் பெரிய துக்கமில்லை. சொல்லப்போனால், நெடுநாள் நின்ற இன்ஜினை நமக்காக உடனே செல்ஃப் அடித்துக் காட்டுகிறவரைத் தடுப்பதே நல்லது. ரிங்குகள் சிலிண்டரோடு துருவால் ஒட்டியிருந்தால் வேண்டாத ஒன்று உடையும். பிளக்குகளைக் கழற்றி, துளை வழியே கொஞ்சம் எண்ணெய் விட்டு, ஓரிரு நாள் பொறுத்து, ஸ்பேனரால் கையாலேயே சுற்றிப் பார்ப்பதுதான் முறை. "நான் மாதம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைப்பேன்" என்பவர் இன்னும் ஆபத்தானவர். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. இன்ஜின் நன்றாகச் சூடேறினால் அது ஆவியாக வெளியேறிவிடும். ஐந்து நிமிடத்தில் நிறுத்தினால் ஒரு பகுதி சைலன்ஸரிலும் ஆயிலிலும் தங்கும். மாதாமாதம் தவறாமல் காருக்கு உள்ளே தண்ணீர் விட்டு வந்திருக்கிறார். அதைப் பராமரிப்பு என்று நம்பியும் வந்திருக்கிறார்.

இரண்டாவது ஆட்சேபம் மைல் கணக்கு. "இருபத்து மூன்றாயிரம் மைல்தான் ஓடியிருக்கிறது." எம்ஜிபியின் மீட்டரில் முழு மைலுக்கு ஐந்து இலக்கங்களே உண்டு. ஒரு லட்சத்தைத் தாண்டியதும் பூஜ்யத்திலிருந்து இளமையாகத் தொடங்கும். ஆகவே அந்த எண் இருபத்து மூன்றாயிரமாகவும் இருக்கலாம், ஒரு லட்சத்து இருபத்து மூன்றாயிரமாகவும் இருக்கலாம். பெடல் ரப்பரின் தேய்மானம் எந்த எண்ணை ஆதரிக்கிறது என்று பார்ப்பது மேல். நின்ற காலத்தைப் பற்றியும் ஓனர் சொல்வதைவிட டயர் சொல்வது நம்பகமானது. 2000-க்குப் பிறகு செய்த டயரில் தயாரித்த வாரமும் வருடமும் நான்கு இலக்கத்தில் இருக்கும். மூன்றே இலக்கம் என்றால் அது போன நூற்றாண்டு. "போன வருடம் கூட ஓட்டினேன்" என்பவரின் டயர் மூன்று இலக்கம் காட்டினால், ஓட்டியது கனவில். காகிதங்களும் பேசும். பிரிட்டனில் 2005-க்குப் பிந்தைய வருடாந்திரத் தகுதிச் சோதனை விவரங்களை அரசே இணையத்தில் இலவசமாகத் தருகிறது. எந்த ஆண்டு எதற்காகத் தோற்றது என்பது வரை. ஆனால் 2018 முதல் 40 வயது கடந்த, பெரிய மாற்றம் செய்யப்படாத கார்களுக்கு அந்தச் சோதனை கட்டாயமில்லை. தள்ளாத வயதில்தான் டாக்டரிடம் போகத் தேவையில்லை என்று சட்டம் விட்டுவிட்டது. சோதிக்கும் பொறுப்பு வாங்குகிறவர் முதுகில் ஏறியிருக்கிறது.

மூன்றாவது ஆட்சேபம் கொஞ்சம் கனமானது: "எம்ஜிபிக்குக் கிடைக்காத பாகமே இல்லை. பிறகென்ன பயம்?" உண்மைதான். பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் என்ற நிறுவனம் 1988 முதல் பழைய அச்சுகளை வைத்தே முழு உடல் கூட்டையும் புதிதாகச் செய்து விற்கிறது. ஆனால் இந்த வாதம் என் பக்கம்தான் சாய்கிறது. கழற்றி மாட்டும் பாகம் எல்லாம் சுலபமாகக் கிடைக்கிறது என்றால், அவை நன்றாக இருப்பதற்காக அதிக விலை கொடுப்பானேன்? கடையில் வாங்க முடியாதது, தகரத்தை வெட்டிப் பற்றவைக்கும் ஆளின் நேரம். மணிக்கணக்கில்தான் அவர் கூலி. தொடங்கும்போது சொல்லும் மணிக்கும் முடிக்கும்போது சொல்லும் மணிக்கும் ரத்த சம்பந்தம் கிடையாது. புதுக் கூடு வாங்கினாலோ, பெயின்ட் கூட அடிக்காத அந்த வெற்றுக் கூட்டின் விலையிலேயே ஓடுகிற நல்ல எம்ஜிபி ஒன்று கிடைத்துவிடும்.

நான்காவதாக ஒருவர் பாரிஸ் ஏலத்தைக் காட்டுவார். பிரான்ஸில் பய்யோன் குடும்பத்தின் கொட்டகைகளில் பல்லாண்டு கிடந்த கார்களை 2014-இல் கண்டெடுத்தார்கள். மறு ஆண்டு பிப்ரவரியில் ஆர்ட்க்யூரியல் நிறுவனம் ஏலம் விட்டது. பழைய பத்திரிகைக் கட்டுகளுக்கு அடியில் கிடந்த 1961-ஆம் வருடத்து ஃபெராரி கலிஃபோர்னியா ஸ்பைடர், தூசியோடு தூசியாக, 1.6 கோடி யூரோவுக்கு மேல் போனது. இதைப் படித்ததிலிருந்து தன் ஷெட்டில் உள்ள தூசியைத் துடைக்க மறுக்கிறவர்கள் பெருகிவிட்டார்கள். ஆனால் முன், பின் சக்கரங்களுக்கு இடையே நீளம் குறைந்த அந்த ரக ஃபெராரி உலகத்துக்கே அறுபதுக்கும் குறைவாகத்தான் செய்யப்பட்டது. அதிலும் அந்த வண்டி நடிகர் ஆலன் தெலோன் வைத்திருந்தது. விலை போனது அபூர்வம். தூசி கூடவே ஓசிப் பயணம் செய்தது. ஐந்து லட்சம் அண்ணன் தம்பிகள் உள்ள காரில் படிந்த தூசி வெறும் தூசி. அதைத் துடைத்தால் கொப்புளம் தெரியும் என்பதைத் தவிர அதற்கு வேறு மதிப்பு கிடையாது.

"கணக்குப் பார்த்தா காதலிப்பார்கள்?" என்பது கடைசி ஆட்சேபம். காதலிக்கட்டும். பணம் சம்பாதிக்கப் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்குகிறவரைவிட, ஆசைப்பட்டு வாங்குகிறவர் புத்திசாலி என்றே நினைக்கிறேன்; அவராவது எதற்காக நஷ்டப்படுகிறோம் என்று தெரிந்து நஷ்டப்படுகிறார். ஆனால் ஆசைதான் இந்தக் கணக்கை அவசியமாக்குகிறது. சரிசெய்ய முடியாமல் பாதியில் கைவிடப்பட்ட காரைவிட ஆசைக்குப் பெரிய அவமானம் இல்லை. இன்று ஷெட்டில் கிடக்கும் அந்தக் காரும் யாரோ ஒருவர் கணக்குப் பார்க்காமல் காதலித்ததுதானே?

கணக்கும் கடினமில்லை. அதே வகைக் கார் நல்ல நிலையில் என்ன விலைக்குப் போகிறது என்று பாருங்கள். தகர வேலை, பெயின்ட், பிரேக், டயர், ஒயரிங் ஆகியவற்றின் செலவைக் கழியுங்கள். தகர வேலைக்குச் சொல்லப்பட்ட தொகையை மட்டும் இரட்டிப்பாக்கிக் கழியுங்கள். மிஞ்சுவதுதான் நீங்கள் கேட்க வேண்டிய விலை. பல கார்களுக்கு இந்த விடை பூஜ்யத்துக்குக் கீழே போகும். அதாவது ஓனர் நமக்குப் பணம் கொடுத்து அனுப்ப வேண்டும். அவர் அதற்குச் சம்மதிக்க மாட்டார் என்பதால் வணக்கம் சொல்லித் திரும்பிவிடலாம். சில் கெட்டியாக இருந்து, கதவு நேராக மூடி, இன்ஜின் மட்டும் ஜாம் ஆகியிருந்தால் தயங்காமல் வாங்குங்கள். இன்ஜின் கணீரென்று பாடி, காந்தம் எங்கும் ஒட்டாமல் விழுந்தால் பாட்டை மட்டும் ரசித்துவிட்டு வாருங்கள். கீழே குனிந்து பார்க்க விடாத ஓனரிடமிருந்து எந்த விலைக்கும் வாங்காதீர்கள்.