மூத்தாப்பாட துவக்கு

அமெரிக்காவில் துவக்குக்கும் வயது போனால் மரியாதை. செய்து 50 வருஷம் கடந்த லூகர் கைத்துவக்கோ மவுசர் கைத்துவக்கோ, செய்தபடியே இருந்தால் ‘அரும்பொருள்’ ஆகிவிடும். அதற்கென்று சேகரிப்பாளர் லைசன் தனியாக உண்டு. குழாயை வெட்டி வேறு குழாய் பூட்டினால் தகுதி போச்சு. மவுசரின் பின்னால் தோளில் வைக்கும் மரக்கட்டையை மாட்டினால் அது சட்டப்படி குட்டை றைபிள், ஆபத்தான சாமான். அந்தக் கட்டை அந்தக்கால அசலோ, அசலை உரித்து வைத்த நகலோ என்றால் சில வகைகளுக்கு மன்னிப்பு. சுடப்படுகிறவருக்கு இதில் என்ன வித்தியாசம் என்று கேட்கக்கூடாது.

1997இல் கைத்துவக்கைத் தடைசெய்த பிரித்தானியாகூட, 1919க்கு முன் செய்ததில் சில வகைகளை, ரவை இல்லாமல், சான்றிதழோடு வீட்டில் வைத்திருக்க இடம்விட்டது.

இலங்கையில் நமக்கு அதே வெள்ளைக்காரன் தந்துவிட்டுப் போனது 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டம். வயதைப் பார்த்தால் அதுவே அரும்பொருள்தான். ஆனால் 1996இல் திருத்திவிட்டார்கள். அமெரிக்கக் கணக்கில் அந்தத் தகுதியும் போச்சு.

கல்முனையில் ஒருவர், “சேர், இது மூத்தாப்பாட காலத்துச் சாமான், வெப்லி கைத்துவக்கு, குழாய மட்டுந்தான் கொஞ்சம் வெட்டின” என்று சரித்திரம் சொல்லிப் பார்க்கட்டும். பொலிசார் கேட்பது ஒன்றுதான்: “லைசன் எங்க?” அதையும் வருஷா வருஷம் புதுப்பித்திருக்க வேண்டும்.

உப பிரதேச செயலகம் ஒன்றைத் தரமுயர்த்துவதா வேண்டாமா என்று முப்பது வருஷத்துக்கு மேலாக இழுபடுகிற ஊர் இது. துருப்பிடித்த வெப்லியைத் தரமுயர்த்தச் சொல்லி எந்தக் கந்தோரில் மனுக் கொடுப்பது?