உவர்நீர்த் தொட்டியில் உப்பின் நிலை: ஓர் ஆய்வு

உவர்நீர் எனப்படுவது நன்னீருக்கும் கடல்நீருக்கும் இடைப்பட்டது. கழிமுகங்களிலும், பழவேற்காடு போன்ற காயல்களிலும் தானாக அமைவது. வரவேற்பறையில் மட்டும் மனித முயற்சியால் உண்டாக்கப்படுவது. அச்சுறுத்தினால் நீரை விழுங்கி உப்பிக்கொள்ளும் பச்சைப்புள்ளிப் பேத்தை மீனை இந்நீரில் வளர்ப்போர், உப்பைப் பற்றிக் கொண்டுள்ள கொள்கைகளை இவ்வாய்வு பரிசீலிக்கிறது.

முதலாவது, குழாய்க் கொள்கை. சென்னையின் கடலோரப் பகுதிகளில் குடியிருப்போர், தம் வீட்டு போர் தண்ணீரில் பருப்பு வேகாமை, சோப்பு நுரைக்காமை, பக்கெட்டில் வெள்ளை படிதல் ஆகிய மூன்று சான்றுகளைக் காட்டி, உவர்நீர் தமக்கு இலவசமாகவே கிடைப்பதாக நிறுவுவர். வாதம் பழுதற்றது, எண்கள்தாம் ஒத்துழைப்பதில்லை. அந்நீரில் லிட்டருக்கு 2 கிராம் உப்புகள் கரைந்திருந்தாலே வீட்டில் வசை தொடங்கிவிடும். கடலிலோ 35 கிராம். வளர்ந்த பேத்தை கேட்பது 10 கிராமும் அதற்கு மேலும். தவிர, பருப்பு வேகாமைக்குக் காரணம் கால்சியமும் மக்னீசியமும் தரும் கடினத்தன்மையே ஆதலால், சமையலறைச் சாட்சியம் இவ்வழக்கில் செல்லாது.

இரண்டாவதான கல்லுப்புக் கொள்கை கூடுதல் கவனத்துக்கு உரியது. தூத்துக்குடி உப்பு கடலிலிருந்தே வருவதால், அதைக் கரைத்தால் கடல் திரும்பிவிடும் என்பது இதன் சாரம். ஆனால் உப்பளத்தில் நீர் வற்ற வற்ற, கால்சியத்தின் பெரும்பகுதி முந்திய பாத்திகளிலேயே ஜிப்சமாகப் படிந்துவிடுகிறது; மக்னீசியமோ, உப்பு விளைந்தபின் எஞ்சும் கசப்பு நீரோடு பெரும்பாலும் போய்விடுகிறது; மூட்டைக்கு வந்து சேர்வது ஏறக்குறைய சோடியம் குளோரைடு மட்டுமே. குழம்புக்கு அது போதும். குழம்பில் பேத்தை வசிப்பதில்லை (அதன் உடலிலுள்ள நஞ்சைக் கருதினால் இது இருதரப்புக்கும் நன்று). ஆகவே, விடுபட்ட கனிமங்களும் சேர்த்து விற்கப்படும் கடலுப்புக் கலவையே தொட்டிக்குப் பொருந்தும். 50 லிட்டருக்கு அரைக் கிலோ என்பது தொடக்கக் கணக்கு. அதையும் ஒரே நாளில் கொட்டினால், மீன் கழிவின் அம்மோனியாவை மாற்றித் தரும் வடிகட்டி பாக்டீரியாக்கள் தாங்கா. சில வாரங்களில் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும்.

பேத்தையின் தரப்பும் பதிவு செய்யத் தக்கதே. தனித்தனியே சுழலும் இரு கண்களால் அது கண்ணாடி வழியே உரிமையாளரை உற்றுநோக்குவது பாசம் எனப் பல இல்லங்களில் கொள்ளப்படுகிறது. அது தீனி கேட்கிறது என்பதே இவ்வாய்வின் துணிபு. அதன் பற்கள் வாழ்நாள் முழுதும் வளர்வதால், ஓட்டோடு கூடிய நத்தையை நொறுக்கித் தேய்த்துக்கொள்ளாவிடில் வாய் அடைபட்டுப் பட்டினி நேரும்.

எஞ்சியது, கோடையில் மின்விசிறிக்கு அடியில் தொட்டிநீர் குறையும்போது எழும் குடும்பப் பிணக்கு. குறைந்த நீரோடு உப்பும் குறைந்ததாகக் கருதி ஒருவர் கரைசலை ஊற்ற, அதை அறியாத இன்னொருவரும் ஊற்ற, தொட்டி கடலாகிவிடுகிறது. ஆவியாவது நீர் மட்டுமே. ஆகவே குறைந்த அளவுக்கு உப்பில்லாத நீரை ஊற்றுக, அதையும் வீட்டில் ஒருவரே ஊற்றுக.