துரைக்குக் கோயில், மயிலுக்குக் குண்டு

பதுளை நகரில் யானை கொன்றவருக்குக் கோயில் இருக்கிறது. நம்பாதவர்கள் புனித மாற்கு ஆலயத்துக்குள் போய் அங்கே பதித்திருக்கும் கல்லைப் பார்க்கலாம். மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸ் என்ற அந்த வெள்ளைக்காரத் துரை இங்கே உதவி அரசாங்க அதிபராக இருந்தவர். அவர் சுட்டுச் சாய்த்த யானைகள் 1,400 இருக்கும் என்பது அவருடைய கூட்டாளிகள் பெருமையோடு சொன்ன கணக்கு. 1845 ஜூன் மாதம் ஹப்புத்தளையில் இடி விழுந்து செத்துப்போனார். யானைகள் மனுப் போட்டிருந்தால்கூட விசாரணை இவ்வளவு சுருக்காக முடிந்திருக்காது. நண்பர்களும் அபிமானிகளும் காசு சேர்த்து, அவர் நினைவாக ஆண்டவருக்கு ஆலயம் எழுப்பினார்கள்.

காட்டை வெட்டிக் கோப்பி போட்டவன் துரை. பயிரை அழித்த குற்றம் யானைக்கு. சுட்டவனுக்கு அரசாங்கமே சன்மானம் கொடுத்த காலம் அது. கோப்பி போய்த் தேயிலை வந்தது, துரைமார் போய் மந்திரிமார் வந்தார்கள். மலையில் சுடுவதற்கு யானை மிச்சமில்லை. ஆகவே வழக்கு இப்போது குரங்கின் மேலும், மயிலின் மேலும், மர அணிலின் மேலும், காட்டுப்பன்றியின் மேலும் நடக்கிறது. தண்டனைக் கருவி எயார் ரைபிள்.

2023இல் விவசாய அமைச்சராக இருந்த மஹிந்த அமரவீர, ஒரு இலட்சம் குரங்குகளைச் சீனத்து மிருகக்காட்சிச் சாலைகளுக்கு அனுப்பப்போவதாக அறிவித்தார். அப்படி ஒரு கோரிக்கையே தங்களுக்குத் தெரியாது என்று கொழும்பிலிருந்த சீனத் தூதரகம் கைவிரித்தது. மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியாமலே நிச்சயதார்த்தம் நடந்த கதை. அதே ஆண்டு மூன்று வகைக் குரங்குகளையும், மயிலையும், காட்டுப்பன்றியையும் பாதுகாப்புப் பட்டியலிலிருந்து எடுத்தாயிற்று, இனி விவசாயி பார்த்துக்கொள்ளட்டும் என்றார்கள். அரசாங்கம் தன் பொறுப்பை இவ்வளவு அழகாகக் கைகழுவியதை நான் வேறெங்கும் கண்டதில்லை.

ஆட்சி மாறியது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் இருண்டது. பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு செய்த வேலை என்றார் மின்சக்தி அமைச்சர் குமார ஜயக்கொடி. இரண்டு கோடிச் சனத்தின் மின்சாரத்தை ஒரு குரங்கு நிறுத்திவிட முடிகிற கட்டமைப்பைக் கட்டியது யார் என்று கேட்டால், அதுவும் குரங்குதான் என்பார்களோ என்னவோ.

அடுத்த மாதம், மார்ச் 15, சனிக்கிழமை. காலை எட்டு மணியிலிருந்து எட்டு ஐந்து வரை, ஐந்தே நிமிடத்தில், நாட்டிலுள்ள குரங்கு, மந்தி, மர அணில், மயில் எல்லாவற்றையும் அவரவர் காணியில் நின்று எண்ணிப் படிவத்தில் எழுதச் சொன்னார்கள். உத்தரவு மனிதருக்கு மட்டுமா, குரங்குக்கும் அனுப்பினார்களா தெரியவில்லை. எட்டு இரண்டுக்கு என் வேலியிலிருந்த மயில் எட்டு நான்குக்குப் பக்கத்து வேலியில் உட்கார்ந்தால் அது ஒன்றா, இரண்டா? முடிவு வந்தது: குரங்கு 51 இலட்சத்துக்கு மேல், மயில் 42 இலட்சத்துக்கு மேல். அமெரிக்காக்காரன் தன் காட்டு வான்கோழியை ஒரு காலத்தில் சுட்டே தீர்த்தான். பிறகு புத்தி வந்து, எஞ்சியதை வலைபோட்டுப் பிடித்து வேறு காடுகளில் விட்டு, பருவம் வைத்து, அனுமதிச் சீட்டு வைத்து, பல பத்தாண்டுகள் பாடுபட்டு மீட்டான். பாவம், ஐந்து நிமிடத்தில் கணக்கு முடிக்கும் வித்தையை அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

இந்த மயில் விவகாரத்தில் பதுளை இருக்கும் ஊவா மாகாணத்துக்குத் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. கதிர்காமம் இந்த மாகாணத்தில்தான் இருக்கிறது. தேர்தலுக்கு முன்னும் பின்னும் மந்திரிமார் தட்டேந்தி நிற்கும் முருகனின் வாகனம் மயில், கொடி சேவல். காட்டுக்கோழி நாட்டின் தேசியப் பறவை. கொடியில் இருப்பதற்குத் தேசிய மரியாதை, வாகனத்துக்கு ஈயக் குண்டு. சாமி இனி முச்சக்கர வண்டியில் வரட்டும்.

எயார் ரைபிள் கொடுத்தால் எல்லாம் தீரும் என்ற பேச்சு மட்டும் எந்த ஆட்சியிலும் ஓய்வதில்லை. அது என்ன சாமான் என்று கிட்டப் பார்ப்போம். குழாயை மடக்கி, நாலரை மில்லிமீற்றர் ஈயக் குண்டு ஒன்றை உள்ளே வைத்து, திரும்ப நிமிர்த்திச் சுட வேண்டும். ஒரு தடவைக்கு ஒரு குண்டு. குண்டு இடை சிறுத்து, உளுந்துப் பருமனில் இருக்கும். முப்பது குரங்கு போஞ்சிப் பந்தலில் இறங்கினால் முதலாவதைச் சுட்டுவிட்டு மற்ற இருபத்தொன்பதையும் வரிசையில் நிற்கச் சொல்ல வேண்டியதுதான். காட்டுப்பன்றிக்கு அது சொறிந்துவிட்ட மாதிரி. குரங்கின் கண்ணில் பட்டால் கண் போகும், வயிற்றில் பட்டால் நாட்கணக்கில் சீழ்பிடித்துச் சாகும். மயில் இறகுக்குள் குண்டோடு பறந்து அடுத்த மலையில் விழும். தப்பிய கூட்டம் பக்கத்துத் தோட்டத்துக்குப் போகும். அங்கேயும் ஒரு ரைபிள் கொடுக்க வேண்டும். வெருட்டுவதற்கு யானை வெடி போதும் என்பது வெலிமடையில் கிழங்கு போடுகிற எந்தப் பிள்ளைக்கும் தெரியும், அமைச்சின் ஆலோசகர்களைத் தவிர.

கேலியை நிறுத்திவிட்டுக் கேட்கிறேன்: இந்த ரைபிள் யாருக்கு? “விவசாயிக்கு.” விவசாயி யார்? காணி வைத்திருப்பவன். அப்படியானால் பசறையிலும் மடுல்சீமையிலும் தேயிலைத் தோட்ட லயத்துக்குப் பின்னால் கைப்பிடி மண்ணில் போஞ்சியும் கறிமிளகாயும் போடுகிறவள் யார்? காணி அரசாங்கத்துடையது, 1992இலிருந்து நடத்துவது கம்பனி. இருநூறு வருசம் அந்த மண்ணைக் கொத்தியவர்களின் வாரிசிடம் காணி உறுதி இல்லை. 2025இல் நாள் முழுக்க, அப்போதிருந்த 1,350 ரூபாய் அடிப்படைச் சம்பளத்துக்குக் கொழுந்து பறித்துவிட்டு வந்தால், குரங்கு ஒவ்வொரு காயிலும் ஒரு கடி கடித்து மீதியைப் படியில் எறிந்திருக்கும். மார்ச் 15 காலை எட்டு மணிக்கு அவள் மலையில் கூடையோடு நின்றாள். அவள் வீட்டுக் குரங்கை எண்ண ஆளில்லை, ஏனென்றால் எண்ணுவதற்கு அவளுக்குக் காணி இல்லை.

சட்டம் அவளுடைய புருசனைத் தேடி வராமல் இருப்பதில்லை. தோட்டத்தில் துப்பாக்கி எப்போதும் பங்களாவுக்குச் சொந்தம். லயத்தான் கைக்கு எட்டியது மோட்டார் சைக்கிளின் பழைய கிளச் கேபிள். அதில் பன்றிக்குக் கண்ணி வைக்கிறார்கள், சிறுத்தை இடுப்போடு மாட்டுகிறது. 2020 மே மாதம் நல்லதண்ணியில் ஒரு கருஞ்சிறுத்தை கண்ணியில் சிக்கிச் செத்தது. கண்ணி கொடூரம், அதில் இரண்டு பேச்சில்லை. ஆனால் கம்பிக்குப் பொலிசும் ரைபிளுக்கு மானியமும் என்றால், இங்கே மிருகத்தின் உயிருக்காக அழுகிறவர் யாருமில்லை. யார் கொல்லலாம் என்பதுதான் வழக்கு. ரொஜர்ஸ் துரைக்குத் தெரிந்த அதே சட்டம்.

ஒரு விசயம் இன்னும் தொண்டையில் நிற்கிறது. 2014 ஒக்டோபர் 29, கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போயின. இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தார்கள். அன்றைய அனர்த்த முகாமைத்துவ அமைச்சர் யார் தெரியுமா? பின்னாளில் குரங்குக்குக் கப்பல் தேடிய அதே மஹிந்த அமரவீரதான். உள்ளே எத்தனை பேர் என்று அரசாங்கத்துக்குச் சொல்லத் தெரியவில்லை. முந்நூறு என்று தொடங்கி, நூறு என்று இறங்கி, கடைசியில் நாற்பதுக்கும் கீழே வந்து நின்றது கணக்கு. நாட்கணக்கில் எண்ணினார்கள். மயிலாய்ப் பிறந்திருந்தால் ஐந்து நிமிடத்தில் முடித்திருப்பார்கள்.