வெள்ளைப் பெட்டிக்கு அடிச்ச யோகம்

வாங்கடா நைனாங்களா, குந்துங்க. பள்ளிக்கூடத்துல எந்த மூலையில எவ்ளோ சூடுன்னு அளக்கப் போறீங்களாமே? ஷோக்கா அளங்க. ஹெட்மாஸ்டர் ரூமுக்குள்ள மட்டும் போய்டாதீங்க. அங்க எப்பவும் இதமாத்தான் இருக்கும். ரிப்போர்ட்டும் இதமா வந்துரும்.

டிவியில சென்னை வெயிலுன்னு படிக்கிறாங்களே, அது நுங்கம்பாக்கத்துலயும் மீனம்பாக்கத்துலயும் அளக்குறது. நெஞ்சு உயரத்துல ஒரு வெள்ளைப் பெட்டி, உள்ள தர்மாமீட்டர். சுத்தி சாய்வுச் சட்டம். வெயிலு உள்ள விழாது, காத்து மட்டும் போய் வரும். ஸ்டீவன்சன்னு லைட்டவுஸ் கட்டுற இஞ்சினீரு பண்ணது. தர்மாமீட்டருக்குக் கெடச்ச அந்த யோகம் எட்டாங்கிளாஸ் பி செக்சனுக்கு இன்னும் கெடைக்கல. 2003 மே மாசம் சென்னையில 45 டிகிரி அடிச்சுதே, அதுவே நெழல்ல எடுத்த கணக்கு. தகரக் கொட்டாய்க்குள்ள குந்துனவன் கணக்க யாரு எடுத்தா?

நம்ம திருவொத்தியூர்ல இன்னொரு வம்பு, கடக்காத்து. பகல்ல தரை சீக்கிரம் காயும், கடலு மெதுவாத்தான் சூடேறும். தரைமேல சுட்ட காத்து மேல போவ, கடலுக் காத்து உள்ள பூந்துக்கும். மே, ஜூன்ல மேக்கத்திக் காத்து ஓங்கி அடிச்சா கடக்காத்து கரையேறவே நேரமாவும். அதனால பதினோரு மணிக்கு மைதானத்தையும் மூணு மணிக்கு வேப்பமரத்தடியையும் அளந்துட்டு, மரத்தாலதான் கொறஞ்சுதுன்னு எழுதாதீங்க. நாலு பேரு நாலு எடத்துல, ஒரே நேரம், ஒரே உயரம், வெயிலு படாம புடிங்க. அதுக்கு மின்னாடி நாலையும் ஒரே எடத்துல வச்சுப் பாருங்க. மலிவா வாங்குன தர்மாமீட்டர் ஒவ்வொண்ணும் ஒரு கட்சி.

இன்னொரு தர்மாமீட்டர் குமிழ்ல ஈரத்துணி சுத்துங்க. தண்ணி ஆவியாவ ஆவ அது எறங்கும். வறண்ட மேக்கத்திக் காத்துல நல்லா எறங்கும், கடக்காத்துல கொஞ்சந்தான். டிகிரி கொறஞ்சும் சட்டை ஏன் காயலன்னு அப்ப தெரியும்.

மூக்கையும் கூட இட்டுக்கினு போங்க. காத்து பேக்டரிங்க இருக்குற மணலிப் பக்கத்துலேர்ந்து வருதா, கடல்லேர்ந்து வருதான்னு நேரத்தோட எழுதுங்க. 2024 அக்டோபர் 25-ம் தேதி இதே ஊர்ல ஒரு ஸ்கூல்ல ஏதோ நெடியடிச்சுப் பசங்க மயங்குனாங்க. அப்புறந்தான் காத்த அளக்குற வண்டி வந்துச்சு. மயக்கம் போட வச்ச காத்து, வண்டி வர்ற வரைக்கும் வாசல்ல நிக்குமா?

அளந்து முடிச்சதும் சார்ட்டுல பூப்போட்டு மாட்டிட்டு ஓடிறாதீங்க. எந்த எடத்துல நம்பர் ஒசந்துச்சோ, அங்கயே மத்தியானம் ரெண்டு மணிக்கு, பள்ளிக்கூடம் பாக்க வர்ற அதிகாரிக்கு ஒரு சேரு போடுங்க. டீயும் குடுங்க, நல்லா சூடா. சூடு கொறையக் கூரைக்கு வெள்ளையடிக்கிற ஆர்டரு அவரு எந்திரிக்கறதுக்குள்ள கையெழுத்தாயிரும்.