கறையான் செய்த திருத்தம்

களுவாஞ்சிக்குடியில் பழைய சட்டப் பிரதிகள் சேர்க்கிறவனுக்கு எதிரி இரண்டு: கறையான், கச்சான் சுருட்டக் கடதாசி தேடுகிறவர்.

என் தகரப் பெட்டியில் 1958இன் தமிழ்மொழி விசேட ஏற்பாடுகள் சட்டம் இருக்கிறது. அதற்கான ஒழுங்குவிதிகள் வந்தது 1966இல். நல்ல நாள் பார்த்திருப்பார்கள்.

பெட்டியின் முத்து, 1979இன் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டம். பெயரிலேயே அடைப்புக்குறிக்குள் 'தற்காலிக ஏற்பாடுகள்'. மூன்று வருஷத்துக்கென்று வந்த விருந்தாளி. 1982இல் ஒரு திருத்தம் அந்தக் கெடுவை எடுத்துவிட, பாயை விரித்துப் படுத்துக்கொண்டது. பெயர் மட்டும் மாறவில்லை.

போன மாரிக்குப் பெட்டியைத் திறந்தால், முதற்பக்கத்தில் ஒரேயொரு ஓட்டை. 'தற்காலிக' இருந்த இடம்.

"கறையான் அரிச்சிட்டே!" என்றா மாமி.

"இல்ல மாமி, பாராளுமன்றம் மறந்த வேலைய முடிச்சிருக்கு."