காட்டேரிக்கு ஒரு வாய் காப்பி

காங்கேயத்தைச் சுற்றி எத்தனை தேங்காய்க் களங்கள் இருக்கின்றனவோ, அத்தனை விமர்சகர் வட்டங்கள் இருக்கின்றன. உடைத்துக் காயவைத்த தேங்காயைத் தொட்டியிலிருந்து நோண்டி எடுப்பது கைக்கு மட்டும்தான் வேலை. வாய் சும்மா இருக்கும். ஆகவே முந்தின நாள் ராத்திரி டிவியில் ஓடியது எதுவோ, அது மறுநாள் வெயிலில் பருப்போடு சேர்ந்து காயும். நான் அங்கே கணக்கு எழுதுகிறவன். கை மூட்டைக் கணக்கில் இருக்கும், காது தொடர்க் கணக்கில் இருக்கும்.

பேய்த் தொடர் ஓடுகிற காலங்களில் களம் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடும். “அது பேயேதான்” என்பது ஒரு கட்சி. அதற்குத் தலைவி மேஸ்திரி அக்கா. “அதெல்லாம் மனசுல வர்ற சீக்கு, வெள்ளனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டீட்டுப் போயிருக்கோணும்” என்பது எதிர்க்கட்சி. அதன் தலைவியின் மகள் கோயமுத்தூரில் நர்சிங் படிக்கிறாள். மகள் முதல் வருஷம் முடிப்பதற்குள் அம்மா முழு டாக்டராகிவிட்டார்.

இந்தக் கட்சிகளுக்கு நிறுவனர்கள் என்று யாரையாவது சொல்லவேண்டுமானால் எழுத்தாளர் இந்திரா சௌந்தர்ராஜனையும் இயக்குநர் நாகாவையும்தான் சொல்லவேண்டும். 1990களின் பிற்பாதியில் சன் டிவியில் வாரம் ஒருமுறை வந்த ‘மர்மதேசம்’ வரிசையில் ‘விடாது கருப்பு’ என்றொரு கதை. தோட்டக்காரமங்கலம் என்ற கிராமத்தில் தப்புச் செய்கிறவர்களைக் கருப்பு சாமியே வந்து தண்டிக்கிறது என்று ஊர் நம்புகிறது. கடைசியில் பார்த்தால், சேத்தன் நடித்த ராஜேந்திரன் என்ற சாதுவான மனிதனுக்குள் அவனுக்கே தெரியாமல் இன்னொருவன் குடியிருக்கிறான். சாமிக் கதை என்று நம்பி உட்கார்ந்த ஊருக்கு மனநோய்ப் பாடம் நடத்திவிட்டார்கள். பாடத்தில் ஒரு நல்ல காரியமும் நடந்தது: சேத்தனும் உடன் நடித்த தேவதர்சினியும் பிற்பாடு நிஜமாகவே கல்யாணம் செய்துகொண்டார்கள்.

தோட்டக்காரமங்கலத்துக்கு ஒரு கருப்பு என்றால், எங்கள் பக்கம் மேய்ச்சல் நிலமான கொறங்காட்டுக்கு ஒரு கருப்பராயன். கிளுவை வேலி ஓரத்தில் கல்லாக நட்டு வைத்திருப்பார்கள். அந்தத் தொடர் வந்த ராத்திரிகளில் ஆம்பளைகளின் வீரம் நன்றாக வெளிச்சத்துக்கு வந்தது. தோட்டத்துக்கு மும்முனைக் கரண்ட் ராத்திரியில்தான் விடுவார்கள். விட்டால் என்ன? கருப்பராயன் கல்லைத் தாண்டிப் போய் மோட்டாரைப் போட ஆள் வேண்டுமே! “மழை வர்றாப்புல இருக்குது, நாளைக்குப் பாத்துக்கலாம்” என்று நட்சத்திரம் மின்னுகிற வானத்தைப் பார்த்துச் சொன்ன சித்தப்பாக்கள் எனக்கு உண்டு. அந்த வாரங்களில் எங்கள் கிணறுகளுக்கு நல்ல ஓய்வு.

கருப்பா, சீக்கா என்ற வழக்கில் என் அம்மா அன்றைக்கே தீர்ப்புச் சொல்லிவிட்டார். “ஏஞ்சாமி, சீக்கும் உண்டு, கருப்பனும் உண்டு. சீக்காளி மேல கருப்பன் வந்து ஏறீட்டா உங்க டாக்டரு என்ன பண்ணுவாரு?” இதற்கு மருத்துவ உலகம் இன்னும் பதில் சொல்லவில்லை.

2005இல் சினிமாவும் இந்த வழக்கில் சேர்ந்துகொண்டது. ஏப்ரலில் ‘சந்திரமுகி’, ஜூனில் ‘அந்நியன்’. ஒரே கோடையில் தமிழ்நாடு முழுவதும் ஆளுமைப் பிளவு பற்றி டீக்கடையில் பேசத் தொடங்கியது. கணவன் காலையில் ஒன்று சொல்லிச் சாயந்திரம் ஒன்று சொன்னால் அதுவரை புளுகன் என்றுதான் பெயர். அந்த வருஷம் முதல் அம்பி, ரெமோ, அந்நியன் என்று மூன்று பெயர். ‘சந்திரமுகி’யில் அமெரிக்காவிலிருந்து வந்த மனநல மருத்துவரும் மாந்திரீகம் தெரிந்த ஆச்சார்யரும் கூட்டு சேர்ந்து வைத்தியம் பார்க்கிறார்கள். 1993இல் வந்த ‘மணிச்சித்திரத்தாழ்’ என்ற மலையாள மூலத்திலும் அதே கூட்டுத்தான். எங்கள் களத்தில் இரண்டு கட்சியும் கைதட்டிய படம் ‘சந்திரமுகி’ ஒன்றுதான். கூட்டணி என்றால் என்ன என்று நம்மாட்களுக்குச் சொல்லிக்கொடுக்கவா வேண்டும்?

சமீபத்தில் அமெரிக்காவிலிருந்து வந்திருந்த என் அக்கா மகன், “மாமா, இதையெல்லாம் அவுங்க எப்பவோ பண்ணீட்டாங்க” என்று ஒரு கதை சொன்னான். ஏபிசி தொலைக்காட்சியில் 1966 முதல் 1971 வரை ‘டார்க் ஷேடோஸ்’ என்று தினசரித் தொடர் ஒன்று ஓடியிருக்கிறது. பார்ப்பவர்கள் குறைந்துபோகவே, 1967இல் பார்னபாஸ் காலின்ஸ் என்ற ரத்தக் காட்டேரியைக் கொஞ்ச நாளைக்கு என்று கொண்டுவந்தார்கள். ஜொனாதன் ஃப்ரிட் நடித்த அந்தக் காட்டேரி, வந்த உறம்பரை வீட்டோடு தங்கிவிட்ட கணக்காக, தொடர் முடியப்போகிற வரைக்கும் போகவே இல்லை. அதற்கு வைத்தியம் பார்க்க ஜூலியா ஹாஃப்மன் என்று ஒரு மனநல மருத்துவர். ரத்த நோய்களிலும் கெட்டிக்காரி. ஊசி போட்டே காட்டேரித்தனத்தைக் குணமாக்கப் பார்க்கிறாள். ஊசி கெட்டுப்போய் அவன் திடீரென்று தொண்டு கிழவனாகிறான். இதற்கிடையில் அம்மிணிக்கு அவன்மேல் காதல் வேறு.

களத்தில் இதைச் சொன்னேன். மேஸ்திரி அக்கா முழுவதும் கேட்டுவிட்டு, “எத்தனை நாள் ஓடுச்சுங்?” என்றார்.

“1225 பகுதிங்க்கா.”

“அட போங்! நம்ம ‘கோலங்கள்’ 1533. அதுல காட்டேரியே இல்ல.”

“ஏன் இல்ல? ஆதி இருந்தானே! அபி ரத்தத்தைக் கடைசிவரைக்கும் அவந்தானே குடிச்சான்” என்றார் எதிர்க்கட்சித் தலைவி. இரண்டு கட்சியும் ஒத்துப்போன இன்னொரு சந்தர்ப்பம்.

அதன்பிறகு சீமைக் காட்டேரியின் சட்டதிட்டங்களை விளக்கினேன். வெயில் ஆகாது. பூண்டு ஆகாது. தானியத்தைச் சிதறவிட்டால் ஒவ்வொன்றாக எண்ணி முடிக்காமல் நகராது என்பது கிழக்கு ஐரோப்பிய நம்பிக்கை. வீட்டுக்காரர் வாயால் ‘உள்ளே வா’ என்று கூப்பிடாமல் நிலைப்படி தாண்டாது. இந்த ஜீவன் காங்கேயத்தில் பிழைக்குமா என்று விவாதம் தொடங்கியது.

வெயில் என்றதுமே பாதிப்பேர் தலையை ஆட்டிவிட்டார்கள். இந்தச் சீமையில் காளைமாடும் வெள்வேல மரமும் தாங்குகிற வெயிலை வேறு எது தாங்கும்? பூண்டு இல்லாத குழம்பும் இங்கே கிடையாது. ஆனால் கடைசிச் சட்டத்தில்தான் காட்டேரிக்கு யோகம் அடித்தது. கொங்கு நாட்டில் வாசலில் நிழல் தெரிந்தாலே, ஆள் யார் என்று பார்ப்பதற்கு முன்பே, “வாங், வாங், உள்ளார வாங்” என்று சொல்லிவிடுவோம். கடன் கேட்டு வந்தவனுக்கும் அதே வரவேற்புத்தான். ருமேனியாவில் நூறு வருஷம் நிலைப்படியில் காத்துக் கிடந்த காட்டேரிக்கு இங்கே அரை நிமிஷத்தில் அனுமதி கிடைத்துவிடும். அதோடு விடுவார்களா? “ஒரு வாய் காப்பி குடிச்சுட்டுப் போங்.” “சாப்புடற நேரத்துக்கு வந்துட்டு வெறும் வயித்தோட போறதாவது?” காட்டேரி கூச்சப்பட்டுப் பூண்டுக் குழம்பைச் சாப்பிட்டுச் சாகவேண்டியதுதான்.

“ரத்தத்துக்கும் இங்க போட்டி இருக்குதுங்” என்றார் ஆடு வளர்க்கும் அக்கா ஒருவர். அவர் சிரிக்கவில்லை. சில வருஷமாகக் காங்கேயம், வெள்ளகோவில் பக்கமெல்லாம் தெருநாய்கள் ராத்திரியில் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொல்கின்றன. செத்த ஆடுகளை ரோட்டில் கிடத்தி விவசாயிகள் இழப்பீடு கேட்டுப் போராடியதும் இங்கேதான். “காட்டேரி வந்தா வரட்டும். கடிச்சுட்டுப் போனதுக்கு இழப்பீடு வாங்க யாரு கையெழுத்துப் போடறதுன்னு மொதல்ல சொல்லச் சொல்லுங்.”

எண்ணி முடிக்காமல் நகராது என்ற விஷயம்தான் எனக்குச் சங்கடமாகிவிட்டது. “அட, அப்பக் களத்துக் கணக்குக்கு நெம்ப நல்ல ஆளாச்சே! ஒரு பருப்பு விடாம எண்ணும். சம்பளமும் கேக்காது” என்றார் மேஸ்திரி அக்கா, என்னைப் பார்த்துக்கொண்டே. பேச்சைச் சிவன்மலைக்குத் திருப்பினேன்.

மனதை ஆராய்கிற சங்கதியில் காங்கேயத்துக்கு வியன்னா ஒன்றும் பெரிய ஊர் இல்லை. சிக்மண்ட் ஃப்ராய்டு கனவுகளுக்கு விளக்கம் சொல்லும் புத்தகத்தை வெளியிட்டது 1899இல். அட்டையில் 1900 என்று போட்டார்கள். எங்கள் சிவன்மலை சுப்பிரமணியர் கோயிலில் ஆண்டவன் உத்தரவுப் பெட்டி இருக்கிறது. பக்தர் ஒருவர் கனவில் முருகன் வந்து ஒரு பொருளைச் சொல்வார். பக்தர் கோயிலில் வந்து அதைத் தெரிவிக்க, சாமியிடம் பூப்போட்டுக் கேட்பார்கள். உத்தரவு கிடைத்தால் அந்தப் பொருள் கண்ணாடிப் பெட்டிக்குள் போகும். அடுத்த பக்தருக்கு அடுத்த கனவு வரும்வரை அங்கேயே இருக்கும். பெட்டியில் வைத்த பொருளுக்கு நாட்டில் ஏதோ ஏற்ற இறக்கம் வரும் என்பது நம்பிக்கை. வியன்னாக் கனவு உங்கள் அப்பாவைப் பற்றியது. சிவன்மலைக் கனவு மஞ்சள் விலையைப் பற்றியது. எது உபயோகம் என்று வியாபாரிகளைக் கேட்டுப் பாருங்கள்.

இவ்வளவு தெரிந்த ஜனங்கள் இருந்தும் நம் தொடர்களில் மனநல மருத்துவருக்கு ஏன் நல்ல வேஷமே கிடைப்பதில்லை? மற்ற டாக்டர்களாவது கண்ணாடியைக் கழற்றி, “இருபத்திநாலு மணி நேரம் கழிச்சுத்தான் எதுவும் சொல்ல முடியும்” என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். மனநல மருத்துவர் வந்தால் ஒரு சங்கிலியை ஆட்டுகிறார், திரையில் வட்டம் சுழல்கிறது, பூர்வ கதை வெளியே வருகிறது, அத்தோடு அவர் கதை முடிந்தது. நிஜத்தில் அவர்கள் அதிகம் பேசுவதே இல்லை. முக்கால் மணி நேரம் கேட்டுவிட்டு அடுத்த வாரம் வரச் சொல்கிறார்கள். அதையே அப்படியே தொடராக எடுத்தவர்களும் உண்டு. 2005இல் இஸ்ரேலில் வந்த ‘பெதிபூல்’, அதைத் தழுவி 2008இல் எச்பிஓ எடுத்த ‘இன் ட்ரீட்மென்ட்’ இரண்டும் பெரும்பாலும் ஒரு அறையில் ஆட்கள் உட்கார்ந்து பேசுவதுதான்.

“சண்டை வருமுங்களா?”

“பேச்சுல வரும்.”

“மாமியாரு?”

“அவுங்களும் பேச்சுலதான்.”

“அப்பறம் எதுக்குங் அந்த டாக்டருக்குக் காசு?”

“கேக்கறதுக்கு.”

ஒரு கணம் எல்லோரும் நோண்டுவதை நிறுத்தினார்கள். “கேக்கறதுக்கே காசா! அப்பக் கணக்குப்புள்ளைக்கு நாம எத்தனை பாக்கி வெச்சிருக்கறோம்?”

எனக்கு விஷயம் புரிந்தது அங்கேதான். ஜீ தமிழில் 2017 முதல் 2021 வரை வந்த ‘யாரடி நீ மோகினி’யில் முத்தரசனின் செத்துப்போன முதல் மனைவி சித்ரா, ஆவியாக வந்து மகளைக் காத்தாள். அதைப் பற்றிக் களத்தில் பேசாத நாள் இல்லை. “செத்தும் புருசங்கிட்ட மனசு விட்டுப் பேச முடியாமக் கெடக்கறா பாருங்” என்று ஒருவர் தொடங்குவார். “உசுரோட இருக்கறவளே பேச முடியல” என்று இன்னொருவர் சொல்வார். அங்கிருந்து பேச்சு முத்தரசனை விட்டு எங்கேயோ போய்விடும். பெயர் மட்டும் முத்தரசனாகவே இருக்கும். முத்தரசன் சம்பளத்தை வீட்டுக்குத் தருவதில்லை, முத்தரசன் குடித்துவிட்டு வருகிறான் என்றெல்லாம் வரும். தொடரில் இல்லாத முத்தரசன் இவன் என்பது எல்லோருக்கும் தெரியும். யாரும் திருத்தமாட்டார்கள். கடைசியில் மேஸ்திரி அக்கா, “பொழுதோட நானு அந்த முத்தரசன் ஊட்டுக்கு வர்றேன்” என்பார். போகவும் செய்வார்.

ஒரு பேய்த் தொடர் நாலு வருஷம் ஓடவேண்டுமென்றால் அந்த வீட்டில் ஒருத்தர் இன்னொருத்தரிடம் ‘என்னாச்சு?’ என்று கேட்கவே கூடாது. கேட்டால் முடிச்சு அவிழ்ந்துவிடும், சம்பந்தப்பட்ட அத்தனை பேருக்கும் வேலை போய்விடும். காட்டேரிக்கு வெயில் எப்படியோ, தொடருக்குக் காதுள்ள ஆள் அப்படி. அதனால்தான் மனநல மருத்துவரை வாசலோடு அனுப்பிவிடுகிறார்கள்.

‘சந்திரமுகி’யில் அந்த வைத்தியத்துக்கு ஆளாகும் கங்கா, அரண்மனைக்குப் போகும் வழியில் ஒரு காலைப்பொழுது எங்கள் களத்தில் இறங்கியிருந்தால் போதும். பத்து மணிக்குள் யாராவது, “ஏங்கண்ணு, மொகம் வாடிக் கெடக்குது?” என்று கேட்டிருப்பார்கள். மனநல மருத்துவர் ரஜினிகாந்த் அமெரிக்காவிலிருந்து வந்திருக்கவே வேண்டாம். ஆனால் கங்காவுக்குத் தேங்காய் நோண்டத் தெரிந்திருக்கவேண்டும். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து வாயை மட்டும் திறக்க மேஸ்திரி அக்கா யாரையும் விடமாட்டார்.